'டாக்டர் ஹூ': மாறியும் மாறாத ஒரு நாடகத்தின் வரலாறு

தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் வரலாற்றை வானொலியில் சொல்ல முற்படுவது பொருத்தந்தானா என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். கண்ணுக்கு உரியதைக் காதுக்குச் சொல்வானேன் என்பது நியாயமான கேள்வியே. இப்பேச்சு முடிவதற்குள் அதற்கு விடை கிடைக்கும். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லி வைப்போம்: இந்த நாடகத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெரும் பகுதி இன்று கண்ணுக்குக் கிட்டாமல், காதுக்கு மட்டுமே எஞ்சி நிற்கின்றது.

நாடகத்தின் பெயர் 'டாக்டர் ஹூ'. நம் மொழியில் 'டாக்டர் யார்?' எனலாம். பிரிட்டனின் ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி. இதனை 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கியது. 1989 வரை இருபத்தாறு பருவங்கள் நடந்து நின்றுபோய், 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. உலகிலேயே மிக நீண்ட காலம் நடந்துள்ள விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர் என்ற பெயர் இதற்கு உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களில், கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் இதனைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதைப் பெற்றோர் கேட்டிருக்கலாம். அறுபது ஆண்டுக் கதையை எங்கே தொடங்குவது என்று மலைத்து விலகியவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு வாயிற்கதவைத் திறந்து காட்டுவதே நம் நோக்கம்.

முதலில் கதையின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். கதாநாயகருக்குப் பெயர் இல்லை. 'டாக்டர்' என்றே அழைக்கப்படுகின்றார். அவர் மனிதரைப் போலத் தோற்றமளிப்பினும் வேற்றுலகத்தவர். தம் சொந்த உலகை விட்டுப் புறப்பட்டு வந்தவர். காலத்திலும் வெளியிலும் விரும்பியவாறு செல்லவல்ல ஓர் ஊர்தி அவரிடம் உண்டு. 'டார்டிஸ்' என்பது அதன் பெயர். செல்லும் இடத்திற்கு ஏற்ப உருவம் மாற்றிக்கொள்ள வேண்டிய அவ்வூர்தி, பழுதுபட்டு, ஒரே உருவில் நின்றுவிட்டது. அவ்வுருவம் நீலநிறக் காவல் பெட்டி. அக்காலத்து இங்கிலாந்தில் பொதுமக்கள் காவல் நிலையத்தோடு தொலைபேசியில் பேசுவதற்காகத் தெருமுனைகளில் நிறுத்தப்பட்டிருந்த பெட்டி அது. ஓர் ஆள் நிற்கும் அளவினதாக வெளியே தோன்றும்; உள்ளே நுழைந்தாலோ விசாலமான மண்டபம் விரியும். கதைக்கு ஒரு புதுஉருவம் சமைக்கப் பணம் இல்லாத சிக்கனத்திற்கும் இந்தப் 'பழுது' நன்கு உதவியது. வறுமை தந்த உபாயமே பின்னாளில் அந்நாடகத்தின் முத்திரையாயிற்று.

இனி, தோன்றிய வரலாறு. கனடா நாட்டவரான சிட்னி நியூமன் 1962ஆம் ஆண்டின் இறுதியில் பி.பி.சி. தொலைக்காட்சியின் நாடகப் பிரிவுத் தலைவரானார். சனிக்கிழமை மாலையில், விளையாட்டு நிகழ்ச்சிக்கும் இளைஞருக்கான இசை நிகழ்ச்சிக்கும் இடையே, சிறுவரும் பெரியோரும் ஒருங்கே அமர்ந்து காணத்தக்க ஒரு தொடர் வேண்டும் என அவர் கருதினார். அதன் வாயிலாகச் சரித்திரமும் விஞ்ஞானமும் பிள்ளைகளின் மனத்தில் பதிய வேண்டும் என்பதும் அவர் எண்ணம். ஆகவேதான் டாக்டரின் முதல் துணைவர்களுள் இருவர் பள்ளி ஆசிரியர்களாக அமைந்தனர்: ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர், மற்றவர் வரலாறு கற்பிப்பவர்.

தயாரிப்புப் பொறுப்பை நியூமன் ஒப்படைத்தது வெரிட்டி லாம்பர்ட் என்ற இருபத்தேழு வயதுப் பெண்மணியிடம். ஆண்களே தலைமை வகித்த அந்நாடகப் பிரிவில் அது துணிந்த செயல். முதற்கதையை எழுதிய அந்தனி கோபர்ன் ஆஸ்திரேலியர். முதற்கதையை இயக்கியவரோ நம் நாட்டில் பிறந்தவர். லக்னோவில் 1938இல் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்து சென்ற வாரிஸ் ஹுசேன் அவர். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அவருடைய அன்னையார் அத்தியா ஹுசேன் ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர்; பி.பி.சி.யின் கீழ்த்திசை ஒலிபரப்பில் பணியாற்றியவர். லக்னோவின் பழங்குடும்பம் ஒன்று நாட்டுப் பிரிவினையால் சிதறுண்ட கதையை அவர் 1961இல் நாவலாக வெளியிட்டார். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். இதற்கு மீண்டும் வருவோம்.

ஆக, ஒரு கனடியர், ஓர் ஆஸ்திரேலியர், ஓர் இளம்பெண், லக்னோவிலிருந்து வந்த ஓர் இளைஞர்: அந்நிறுவனத்தின் வழக்கமான வட்டத்திற்கு வெளியே நின்றவர்களின் கைகளில்தான் இத்தொடர் உருப்பெற்றது. ஊர் விட்டு வந்த ஒருவரைக் கதாநாயகராகக் கொண்ட நாடகம், ஊர் விட்டு வந்தவர்களாலேயே பெரிதும் சமைக்கப்பட்டது. வேற்றூரில் வேரூன்ற முயலும் நம்மனோர்க்கு இது சுவையான செய்தி அன்றோ?

லைம் குரோவ் என்னும் இடத்திலிருந்த பழமையான, இடவசதி குறைந்த அரங்கு ஒன்றே அவர்களுக்குக் கிடைத்தது. முதற்பகுதியை 1963 செப்டம்பரில் பதிவு செய்தனர். நியூமனுக்கு அது நிறைவளிக்கவில்லை. மறுபடியும் எடுக்கச் சொன்னார். தூக்கி எறியாமல் மறுவாய்ப்பு நல்கியமையால் நாடகம் பிழைத்தது. அக்டோபரில் மீண்டும் எடுக்கப்பட்ட வடிவமே மக்கள் கண்டது.

காட்சிக்கு முன்னே ஒலி நின்றது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியரான ரான் கிரைனர் எழுதித் தந்த தொடக்க இசையை வாத்தியங்கள் இன்றி உருவாக்கியவர் டீலியா டெர்பிஷயர் என்ற பெண்மணி. வானொலி நாடகங்களுக்குப் புதுமையான ஒலிகள் வேண்டும் என்பதற்காகவே பி.பி.சி. 1958இல் ஓர் ஒலிப்பட்டறை நிறுவியிருந்தது. அங்கே அவர் மீட்டிய ஒற்றைத் தந்தியின் ஒலியையும் மின்னலையாக்கிகளின் ஒலியையும் காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொரு சுரத்திற்கும் நாடாவை அளந்து வெட்டி ஒட்டி, அந்த இசையைக் கட்டினார். இசையமைத்த கிரைனரே அதனைக் கேட்டு வியந்தார். ஊதியத்தில் அவருக்குப் பங்கு கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். நிறுவனத்தின் விதிகள் இடந்தரவில்லை. 2001இல் மறைந்த அவ்வம்மையாரின் பெயர் திரையில் முதன்முதலாக இடம்பெற்றது 2013இல், நாடகத்தின் பொன்விழாவின் போதுதான். டார்டிஸ் புறப்படும்போது எழும் ஓசையோ, அதே பட்டறையைச் சேர்ந்த பிரையன் ஹாட்ஜ்சன், தம் தாயாரின் வீட்டுச் சாவியைப் பியானோவின் தந்திகள் மீது இழுத்து உண்டாக்கியது.

நாடகம் தொடங்கிய நாள் நல்ல நாளாக அமையவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அதற்கு முந்தைய நாள்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே அத்துயரச் செய்தியில் ஆழ்ந்திருந்தது. புதிய நாடகத்தைக் கவனிப்பார் யார்? எனவே மறுவாரம் முதற்பகுதியை மீண்டும் காட்டி, அதனைத் தொடர்ந்து இரண்டாம் பகுதியையும் காட்டினர். டிசம்பரில் டெர்ரி நேஷன் எழுதிய இரண்டாம் கதை வந்தது. அதில் 'டாலெக்' என்னும் கொடிய உயிர்கள் தோன்றின. கால்கள் இன்றி, உலோகக் கூட்டினுள் ஒடுங்கி, கரகரத்த குரலில் அழிவையே பேசும் அவற்றுக்கு உருக்கொடுத்தவர் ரேமண்ட் குசிக் என்ற வடிவமைப்பாளர். அசுரப் பிராணிகள் வேண்டா என்று நியூமன் முன்னரே சொல்லியிருந்தார். ஆயினும் அக்கதை முடிவதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்க்கத் தொடங்கிவிட்டனர். நாடகம் நிலைபெற்றது.

அதே வேளையில் சரித்திரக் கதைகளும் தொடர்ந்தன. 1964இல் மார்க்கோ போலோவின் யாத்திரை ஏழு பகுதிகளாக வந்தது. அவற்றுள் ஆறினை வாரிஸ் ஹுசேன் இயக்கினார். அதே ஆண்டில், மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களைப் பற்றிய கதையில், வரலாற்றாசிரியை நரபலியைத் தடுக்க முயல்கின்றார். சரித்திரத்தை மாற்ற இயலாது என டாக்டர் தடுக்கின்றார். அம்மையாரின் முயற்சி தோற்கின்றது. ஆனால் ஒரு மனிதரின் உள்ளம் மட்டும் மாறுகின்றது. நடந்து முடிந்த கொடுமையின் முன் நல்ல மனிதர் செய்யக்கூடியது யாது என்ற கேள்வியை, சிறுவர் நாடகம் ஒன்று அன்றே எழுப்பியது.

இனி, இந்நாடகத்தின் ஆயுளை நீட்டிய செயலுக்கு வருவோம். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966இல் நோயுற்றார். வசனங்களை நினைவில் வைப்பதும் அவருக்குக் கடினமாயிற்று. கதாநாயகர் விலகினால் நாடகம் முடிவதே உலக வழக்கம். தயாரிப்பாளர்களோ புதுவழி கண்டனர். டாக்டர் வேற்றுலகத்தவர் அல்லவா? அவர் உடல் தளர்ந்து வீழும்போது, அதே உயிர் புதிய உடலும் புதிய இயல்பும் பெற்று எழட்டுமே என்றனர். நம் சித்தர் கதைகளில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் உண்டு. அங்கே உயிர் பிறிதொருவர் உடலுள் புகும். இங்கே பழைய கூடே புதிய கூடாகிவிடும். 1966 அக்டோபர் 29ஆம் நாள் ஹார்ட்னெல் வீழ்ந்து, பாட்ரிக் டிரவுட்டன் எழுந்தார். அடுத்த கதையில் துணைவர்களுள் ஒருவர், 'இவர் அவர்தானா?' என்று ஐயுறுகின்றார், மற்றவர் நம்புகின்றார். பார்ப்போரின் மனநிலையும் அதுவே. வெறுமனே முகச்சாயல் ஒத்த ஒருவரை நடிக்க வைத்து ஒப்பேற்றாமல், மாற்றத்தை மாற்றம் என்றே ஒப்புக்கொண்டமையால் மக்கள் ஏற்றனர். அதன்பின் ஜான் பெர்ட்வீ, டாம் பேக்கர் என ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒவ்வொருவரும் வேறு, ஒவ்வொருவரும் டாக்டரே.

ஆனால், இந்த வெற்றிக்கிடையே ஒரு பேரிழப்பும் நேர்ந்தது. அக்காலத்தில் காட்சிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். ஒருமுறை ஒலிபரப்பிய பின், அழித்து மறுபடி பயன்படுத்துவதே வழக்கம். நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாடு மறுஒலிபரப்பைக் கட்டுப்படுத்தியது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்குவாரும் அருகினர். எனவே 1960களின் இறுதியிலும் 1970களிலும், முதல் ஆறு பருவங்களின் நாடாக்கள் அழிக்கப்பட்டன. வெளிநாட்டு விற்பனைக்கென எடுத்த படச்சுருள்களும் பல அழிக்கப்பட்டன. ஒருவரும் பகைமையால் செய்ததன்று. அலமாரியில் இடம் வேண்டும் என்று செய்தது. 1978இல்தான் இவ்வழக்கம் நின்றது. வாரிஸ் ஹுசேனின் மார்க்கோ போலோ கதை ஏழு பகுதிகளும் போயின. டாக்டர் முதன்முதல் உருமாறிய பகுதியும் போயிற்று. அவ்வுருமாற்றத்தின் சில நொடிகள் மட்டும், 1973இல் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்துக் காட்டப்பட்டமையால் தப்பின.

இழந்தவற்றைத் தேடும் பணி பின்னர் தொடங்கியது. படச்சுருள்கள் பல நாடுகளுக்கு விற்கப்பட்டிருந்தன அல்லவா? அங்கே அழியாது கிடந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பின. 1991இன் இறுதியில் ஹாங்காங்கில் ஒரு முழுக்கதை கிடைத்தது. நைஜீரியாவில் கண்டெடுத்த ஒன்பது பகுதிகள் 2013இல் வெளிவந்தன. அதன் பின்னும், முதல் ஆறு பருவங்களின் 253 பகுதிகளில் 97 பகுதிகள் காட்சியாகக் கிடைக்காமல் நின்றன.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் சொன்ன விடை வருகின்றது. காட்சி தொலைந்த அப்பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒலி எஞ்சியுள்ளது. அதைக் காத்தவர்கள் அரசினரோ நிறுவனத்தாரோ அல்லர். வீடுகளில் அமர்ந்து பார்த்த பொதுமக்கள். ஒலிப்பதிவுக் கருவியை வாங்கி வைத்திருந்த இளைஞர் சிலர், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்தும், கம்பியால் நேரே இணைத்தும், வாரந்தோறும் பதிந்து வைத்தனர். மறுபடி பார்க்க வழியில்லாத காலத்தில், மறுபடி கேட்கவேனும் செய்யலாம் என்னும் ஆசையே காரணம். ஜான் குரா என்ற நிழற்படக்காரர், நடிகர்க்கும் இயக்குநர்க்கும் விற்பதற்காகத் திரையிலிருந்தே எடுத்த படங்களும் பல கதைகளுக்கு உள்ளன. இவ்வொலியையும் படங்களையும் துணைக்கொண்டு, தொலைந்த பகுதிகள் சிலவற்றைச் சித்திர வடிவில் மீண்டும் ஆக்கியுள்ளனர். டிரவுட்டனின் முதற்கதை, ஆறு பகுதிகளும் தொலைந்தது, அவ்வாறே 2016இல் புத்துயிர் பெற்றது. அதில் ஒலிப்பவை 1966இல் யாரோ ஒரு வீட்டுக் கூடத்தில் பிடித்து வைத்த குரல்கள். ஆதலின், இதன் வரலாற்றை வானொலியில் சொல்வது தகும் என்றே நாம் கருதுகின்றோம்.

பின்வந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1989 டிசம்பரில் நாடகம் நிறுத்தப்பட்டது. 1996இல் ஒரு தனிப்படம் வந்ததன்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சியில் புதிய தொடர் இல்லை. அவ்விடைக்காலத்தில் அன்பர்கள் நாவல்கள் எழுதினர். 1999 முதல் பழைய நடிகர்களைக் கொண்டே ஒலி நாடகங்கள் வெளிவந்தன. மீண்டும் ஒருமுறை காதுகளே காத்தன. சிறுவயதில் இதனைப் பார்த்து வளர்ந்த ரஸ்ஸல் டி. டேவிஸ், 2005 மார்ச் 26ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரை நிலைக்களமாகக் கொண்டு தொடரை மீட்டெடுத்தார். கிறிஸ்டபர் எக்கிள்ஸ்டன், டேவிட் டென்னன்ட், மாட் ஸ்மித், பீட்டர் கபால்டி முதலியோர் அடுத்தடுத்து டாக்டராயினர். இவர்களுள் கபால்டி, 1974இல் பள்ளி மாணவராக இருந்தபோதே இந்நாடகத்தைப் பாராட்டிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். 2017இல் ஜோடி விட்டேக்கர் முதற்பெண் டாக்டராகத் தோன்றினார். 2023 முதல் 2025 வரை அப்பாத்திரத்தை ஏற்ற சூட்டி கட்வா, ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர்.

இப்போது லக்னோவுக்குத் திரும்புவோம். அத்தியா அம்மையார் பிரிவினையின் துயரை நாவலாக எழுதினார் என்றோம். அவர் மகன் இயக்கித் தொடங்கிய இந்நாடகம், ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 2018 நவம்பரில் அதே துயரத்தின் நடுவே வந்து நின்றது. வினய் பட்டேல் எழுதிய அக்கதையில், டாக்டரின் துணைவியான யாஸ் கான் என்ற இளம்பெண், தன் பாட்டியின் இளமையைக் காண விரும்பி, 1947 ஆகஸ்டில் பஞ்சாபுக்குச் செல்கின்றாள். முஸ்லிம் பெண்ணாகிய பாட்டி, ஓர் இந்து இளைஞரை மணக்க இருக்கின்றார். எல்லைக்கோடு வரையப்பட்ட நாட்கள் அவை. மணமகனின் தம்பியே பகைவர் பக்கம் சேர்கின்றான், மணமகன் உயிரிழக்கின்றார். டாக்டரால் தடுக்க இயலவில்லை. தடுத்தால் பேத்தியே பிறந்திருக்க மாட்டாள். கொலைகாரர் என்று முதலில் எண்ணப்பட்ட வேற்றுலகத்தார் இருவர், உண்மையில் தனிமையில் சாவோரின் அருகே நின்று அவர்களை நினைவில் ஏந்துபவர்கள் எனத் தெரியவருகின்றது. மாற்ற இயலாத கொடுமையின் முன் நின்று சாட்சி கூறுதல், மறவாதிருத்தல். 1964இல் ஆஸ்டெக் கதை எழுப்பிய கேள்விக்கு இந்நாடகம் தேர்ந்த விடை இதுவென்றே நமக்குத் தோன்றுகின்றது. ஒலிநாடாவில் குரல்களைப் பிடித்துவைத்த அந்த இளைஞர்கள் செய்ததும் வேறென்ன?

இறுதியாக, புதிதாய்க் காண விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். முதலிலிருந்து வரிசையாகக் காண வேண்டும் என்ற கவலை வேண்டா. ஒன்றும் அறியாத புதிய துணைவர் ஒருவர் நீலப்பெட்டிக்குள் நுழைந்து, உள்ளே விரிந்த மண்டபத்தைக் கண்டு திகைக்கும் இடங்களில் எல்லாம் நாமும் உடன் நுழையலாம். 2005இன் முதற்பகுதி அதற்கு எளிய வாயில். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் ஒரு கதை முடியும். அது பிடித்தபின், 1963இன் முதற்பகுதியைக் காணுங்கள். அது இருபத்தைந்து நிமிடமே. மங்கிய கறுப்பு வெள்ளையில், வாரிஸ் ஹுசேனின் கைத்திறனும் டெர்பிஷயர் அம்மையாரின் இசையும் இன்றும் உயிரோடு நிற்பதை உணர்வீர்கள். அதன்பின் பஞ்சாபுக் கதையைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். நம் நாட்டு வரலாற்றை அவர்களோடு பேசுவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

ஊர் மாறலாம், உருவம் மாறலாம், பேசும் குரலும் மாறலாம். தன்னை இன்னார் என்று அறிந்திருப்பவருக்கு இழப்பில்லை என்பதை ஒரு சிறுவர் நாடகம் அறுபது ஆண்டுகளாகச் சொல்லி வந்துள்ளது. அதே நாடகத்தின் வரலாறு இன்னொன்றையும் சொல்கின்றது: காக்க ஒருவரும் இல்லையெனின் நல்லவையும் அழியும், பெரிய நிறுவனம் காவாததை ஓர் எளிய வீடு காத்துவிடலாம். நம் வீட்டு முதியோரின் பேச்சும் பாட்டும் நம்மிடம் எத்தனை பதிவாகி உள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.